இருபது கட்டியும் ஒரு கேனும்

இலஞ்சி விலக்கு வண்டித் தெருவில் யாரையாவது நிறுத்தி, மதுரை எவ்வளவு தூரம் என்று கேட்டால் நான்கு குடம் என்பார்கள். திருச்செந்தூர் மூன்று குடம். திருநெல்வேலி ஒன்றரைக் குடத்துக்குச் சற்றுக் குறைவு. கிலோமீட்டர் என்று சொல்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் ஹைட்ரஜனை அடைத்த நீர்வளிக் கட்டி வந்த பிறகு நடந்தது. ஒரு கட்டி நான்கு கிலோ. அதில் பாதி எடை நீர்வளி. இந்தத் தெருவார் குடியிருக்கும் வீட்டுவண்டியின் அடியில் இருக்கும் இணைகலம் அந்த நீர்வளியைக் காற்றிலிருக்கும் பிராணவாயுவோடு சேர்த்துவிடும். சேர்கிற வேகத்தில் மின்சாரம் பிறக்கும், சக்கரம் சுழலும். முன்பு புகை வந்த குழாயில் இப்போது தண்ணீர் வரும். அது சொட்டுச் சொட்டாக வண்டிக்குள் இருக்கும் சேர்குடத்தில் விழும். ஒரு கட்டி தீரும்போது வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கும், குடத்தில் பதினெட்டு லிட்டர் சேர்ந்திருக்கும். ஒரு கட்டி, ஒரு குடம். தெருப் பெண்கள் தசமப் புள்ளிக்கெல்லாம் பொறுமை உள்ளவர்கள் அல்லர். மருமகள் குளியலறையில் அரைமணி நேரம் இருந்தால், "இந்தக் குளிக்கு சங்கரன்கோவிலு போயிட்டு வந்துருக்கலாம்" என்று மாமியார் வாசலில் நின்று சொல்வாள். கோவில்பட்டி போய் வந்த தண்ணீரில் காபி போட்டால் ருசி தனி என்று சாதிப்பவர்களும் உண்டு. எந்தத் தண்ணீரும் ஒரே தண்ணீர்தான் என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இந்தத் தெருவின் பதினோராம் எண் வண்டியில் இருப்பவர் குற்றாலிங்கம். முப்பது வருடம் வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பார்வை போகவில்லை. யார் வீட்டு விளக்காவது பகலில் எரிந்தால் உள்ளே போய் அணைத்துவிட்டு வருவார். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்றுகூடப் பார்ப்பதில்லை. அவர் மனைவி செண்பகவடிவு. வண்டியில் அறையைக் குளிரவைக்கும் குளிர்பெட்டி இருந்தும் முப்பத்து நான்கு வருட இல்லறத்தில் அது மொத்தமாக ஓடியது ஒரு மணி நேரம் இருக்கலாம். அதுவும் விற்க வந்தவன் ஓட்டிக் காட்டியது.

வைகாசி பிறந்ததும் அவர்கள் வண்டிக்கு ஒரு செய்தி வந்தது. மகள் உலகம்மைக்கு வளைகாப்பு. அவள் வேலை பார்ப்பது கட்ச் உப்புவெளியில், பத்துக் கிராமம் அளவுக்குப் பரந்த, வெயிலை மின்சாரமாக்கும் வெயில்பண்ணையில். ஒன்பதாம் மாதம், பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே தாய்வீடு அங்கே போக வேண்டும்.

"யப்பா, வளையலு, சீலை, எதுவும் இல்லாட்டியும் பரவாயில்ல. தண்ணி கொண்டாந்துருங்க" என்றாள் உலகம்மை, திரையில் வயிற்றைத் தடவிக்கொண்டே. "இங்க வாரத்துக்கு ஒரு தண்ணி வண்டிதான். ஆளுக்கு அளந்துதான் ஊத்துவாங்க. அறுபது பேருக்கு இலை போடணும். எங்கப்பா கொண்டாருவாருன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். தண்ணி வண்டிக்காரர் கூடுதலா ஊத்தவான்னு கேட்டாரு, வேண்டாம்னுட்டேன்."

"நீ சொல்லணுமா? முந்நூறு லிட்டரு கொண்டாரேன்" என்றார் குற்றாலிங்கம்.

அன்று மாலையே தெரு மொத்தமும் பதினோராம் எண் வண்டியைச் சுற்றி நின்றது. கூப்பிட்டார்களா என்று கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட விஷயத்துக்கு இந்தத் தெருவில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ. அதைக் கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும் என்றார் ஒருவர். பின்னால் தொங்கவிட்டால் முன்சக்கரம் தரையைத் தொடாது என்றார் இன்னொருவர். கட்டிலுக்கடியில் வைத்தால் கட்டிலில் யார் படுப்பது என்று கேட்டாள் செண்பகவடிவு.

குற்றாலிங்கம் கையை உயர்த்தினார்.

"தண்ணிய எதுக்குய்யா தூக்கணும்? இருபது கட்டி போதும். எம்பது கிலோ. ரெண்டு பக்கமும் பத்துப் பத்து, எடை சமமா நிக்கும். போற வழியில எரியும், சேர்குடம் தானா நிறையும். பத்தாத தூரத்துக்கு வழியில வாங்கிக்கிடலாம். சக்கரமும் ஓடும், தண்ணியும் வரும். ஒரே செலவு, ரெண்டு வரவு."

எல்லோரும் தலையாட்டினார்கள். எதிர்வண்டி ஆவுடையப்பன் மட்டும் ஆட்டவில்லை. அவர் இந்தக் காலத்திலும் கேனில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள்.

"வே, நான் ஒண்ணு சொல்லுதேன். தண்ணிய தண்ணியாவே கொண்டு போரும். அது போற வழியில மனசு மாறாது."

"உம்ம மாதிரி ஆளுக இருக்கதுனாலதான்வே இன்னும் கேன் விக்கான்" என்றார் குற்றாலிங்கம். தெரு சிரித்தது. ஆவுடையப்பனும் சிரித்தார். ஆனால் கிளம்புகிற அன்று காலையில், குற்றாலிங்கம் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இருபது லிட்டர் கேன் ஒன்றைப் பின்கதவு வழியாகச் செண்பகவடிவிடம் கொடுத்தார்.

"தங்கச்சி, கட்டிலுக்கடியில கெடக்கட்டும். அந்தாளுகிட்ட சொல்லாத."

"சொல்லுவனா அண்ணே?" என்றாள் அவள். உண்மையில் சொல்லவில்லை. பின்னால் வந்த வினைக்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

மதுரை வரைக்கும் எல்லாம் திட்டப்படி நடந்தது. வழிக்கென்று தனியாகப் போட்டிருந்த நான்கு கட்டிகள் எரிந்தன. நான்கு குடம் சேர்ந்தது. இன்னும் இருபது குடம் வரப்போகிறதே என்ற தைரியத்தில் செண்பகவடிவு தலைக்குக் குளித்து, இரண்டு பேர் துணியையும் துவைத்து, வண்டியையும் ஒருமுறை கழுவிவிட்டாள்.

மதுரையைத் தாண்டியதும் ஒரு பலகை நின்றது. மின்சாலை ஆரம்பம். தாருக்கடியில் பதித்த கம்பிச்சுருள்களிலிருந்து ஓடும் வண்டிகள் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். பகலில் இலவசம்.

குற்றாலிங்கம் வண்டியை ஓரம் கட்டி, அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முப்பது வருடம் பிறர் மீட்டர் ஓடுவதைப் பார்த்தவருக்குத் தன் மீட்டர் ஓடாமலிருப்பதைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது.

"சாரதி, சாலை மின்சாரத்துல மட்டும் ஓடு" என்றார்.

சாரதி என்பது வண்டியின் மூளை. "ஐயா, அப்படி ஓடினால் ஒரு செய்தி..." என்று ஆரம்பித்தது.

"பேசுனா மின்சாரம் செலவாகும்லா? கம்முனு ஓடு" என்று அதன் குரலை அணைத்துவிட்டார்.

அதன்பின் ஐந்து நாள், சூரியன் உதித்தால் கிளம்புவதும் மறைந்தால் நிறுத்துவதுமாகப் பயணம். எரிபொருள் முள் அசையவே இல்லை. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் குற்றாலிங்கம் முள்ளைத் தொட்டுப் பார்த்தார், பக்கத்து வண்டிக்காரருக்கும் காட்டினார். மராட்டியில் அவர்கள் என்ன சொன்னார்களோ, பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் செண்பகவடிவு குழாயைத் திறந்தாள். கொஞ்சம் காற்று வந்தது, பிறகு அதுவும் நின்றது. அவள் கோபப்படவில்லை. விருந்துக்கு மிச்சம் பிடிக்க மனுஷன் குழாயைப் பூட்டிவிட்டார் என்று முடிவு கட்டினாள். முன்னே பின்னே செய்யாதவரா? ஒரு தீபாவளிக்கு எண்ணெய்க் குளியலன்றே பூட்டியவர். கேட்டால் குஜராத் எல்லை வரைக்கும் சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். எதற்கு வம்பு என்று கட்டிலுக்கடியிலிருந்த ஆவுடையப்பன் கேனைத் திறந்து, குடிக்கவும் காபிக்கும் அதையே புழங்கினாள். குளியலும் துவையலும் வழித்தங்கல் விடுதிகளில்.

குற்றாலிங்கம் ஒவ்வொரு காபியையும் உறிஞ்சி, "பாத்தியா? கட்டித் தண்ணி எப்படி இருக்கு! கேன் தண்ணியில இந்த ருசி வருமா?" என்றார்.

"வராது வராது" என்றாள் அவள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு.

வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வெயில்பண்ணைக் குடியிருப்பை அடைந்தார்கள். சுற்றிலும் வெள்ளை உப்பு, அதன்மேல் கண்ணுக்கு எட்டிய வரை கண்ணாடிப் பலகைகள், நடுவில் நாற்பது வீடுகள். பாதிப் பேர் குஜராத்திகள், பாதி நம் பக்கத்தவர்கள். உலகம்மை வயிற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். சம்பந்தியம்மாள் வெயிலுகந்தாள் பின்னாலேயே வந்து, வண்டியை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"வாங்க சம்பந்தி. தண்ணி எங்க வச்சிருக்கீக?"

"குடத்துலதான் மதினி. பாத்திரம் கொண்டாங்க" என்று குற்றாலிங்கம் பெருமையாகக் குழாயைத் திறந்தார்.

ஒரு கொட்டாவிச் சத்தம் வந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"பூட்டுனதத் தொறங்க" என்றாள்.

"நான் எங்க பூட்டுனேன்? நீ காபி போட்டியே!"

"அது ஆவுடையப்பண்ணன் கேனு."

இதற்குள் மருமகன் வண்டிக்குள் ஏறிச் சாரதியின் குரலைத் திறந்துவிட்டிருந்தார். ஐந்து நாள் அடக்கி வைத்திருந்த சாரதி ஒரே மூச்சில் பேசியது. "ஐயா, இணைகலம் மதுரையிலிருந்து வேலை செய்யவில்லை. கட்டிகள் இருபதும் அப்படியே இருக்கின்றன. சாலை மின்சாரத்தில் ஓடினால் தண்ணீர் வராது. இதைத்தான் ஐயா அன்றைக்கு..."

"அந்தச் சாலை மின்சாரமே எங்க பண்ணையில இருந்துதான் போகுது மாமா" என்றார் மருமகன் மெதுவாக. அந்த நேரத்தில் அந்தத் தகவல் அவசியமா என்று யாருக்கும் தோன்றலாம்.

உலகம்மை படியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்தாள். நாளை அறுபது பேர். அடுத்த தண்ணீர் வண்டி நான்கு நாள் கழித்து. ஒவ்வொரு வீட்டிலும் அளந்த தண்ணீர். கேட்டால் கொடுப்பார்கள், கொடுத்தால் அவர்கள் பிள்ளைகள் குளிக்க மாட்டார்கள். "எங்கப்பா கொண்டாருவாரு" என்று பத்து நாளாக அவள் சொல்லித் திரிந்திருக்கிறாள்.

குற்றாலிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் முள்ளைப் பார்த்தார். ஐந்து நாளாகக் கொஞ்சிய முள்.

"இப்ப எரிச்சா வராதா சாரதி?"

"வரும் ஐயா. ஆனால் இணைகலம் சும்மா எரியாது. யாராவது மின்சாரம் கேட்டால்தான் கட்டியைத் தொடும். கேட்கிற அளவுக்குத்தான் தண்ணீர். இருநூறு லிட்டருக்குப் பதினோரு கட்டி எரிய வேண்டும். இந்தக் குடியிருப்பில் உள்ள எல்லாக் கருவிகளும் கேட்டால், ஆறு மணி நேரம்."

"வண்டிய உப்பு மேல சுத்தவிட்டா?"

"உப்பு ஓடு உடைஞ்சு வண்டி இறங்கிரும் மாமா. இங்க உள்ள ரோடெல்லாம் மின்சாலை, பண்ணைக்குள்ள கட்டி எரிச்சு ஓட்ட அனுமதி இல்ல" என்றார் மருமகன்.

மின்சாரம் போக்க இடமில்லாமல் நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கிற ஊரில், மின்சாரம் வேண்டும் என்று கேட்க ஆள் பிடிக்க வேண்டும். குற்றாலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த மாலை நாற்பது வீட்டுப் படியும் ஏறினார். ஒரு காலத்தில் மீட்டர் பார்க்க ஏறிய அதே கால்கள். குஜராத்தி தெரியாது. ஆனாலும் சுவரிலிருக்கும் பொத்தானைக் காட்டி, அணைத்தது போல ஒருமுறை, போட்டது போல ஒருமுறை விரலை அசைத்துக் கும்பிட்டார். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

விடிந்ததும் வண்டியிலிருந்து நாலா பக்கமும் கம்பிகள் போயின. வீடுகள் தங்கள் சொந்த இணைப்பைத் துண்டித்துக்கொண்டு குற்றாலிங்கத்தின் இணைகலத்தில் தொற்றிக்கொண்டன. இருபத்தாறு குளிர்பெட்டிகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உப்புவெளியைக் குளிரவைத்தன. மாவு இல்லாத கிரைண்டர்கள் சுற்றின. துணியில்லாத மேசையை ஒருத்தி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நவராத்திரிக்கு வைத்திருந்த சரவிளக்குகள் காலை ஏழு மணி வெயிலில் மினுமினுத்தன. ஒலிபெருக்கியில் ஒரு பக்கம் நாதஸ்வரம், மறுபக்கம் தாண்டியா. சேர்குடத்தில் விழும் சொட்டு நூலாகி, நூல் கயிறானது.

"வருது! வருது!" என்று பிள்ளைகள் கத்தின.

செண்பகவடிவு வண்டிக்குள் போய்க் குளிர்பெட்டியைப் பதினாறில் வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னத்தா, வேல கெடக்கு, இங்க உக்காந்துட்டிய?" என்று வெயிலுகந்தாள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி புடிக்கேன் மதினி" என்றாள் செண்பகவடிவு. பொய்யில்லை.

வெயிலுகந்தாள் ஒரு நிமிடம் யோசித்தாள். "தள்ளி இரும்" என்று அவளும் ஏறிக் கம்பளியில் பாதியை வாங்கிக்கொண்டாள். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து உட்கார்ந்து பேசிய முதல் பேச்சு அது. என்ன பேசினார்கள் என்று செண்பகவடிவு இன்னும் சொல்லவில்லை. தெரு விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு முதல் அண்டா அடுப்பேறியது. புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல். உலகம்மையை மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, பெண்கள் ஒவ்வொருவராக வளையல் ஏற்றினார்கள். குஜராத்திப் பெண்கள் சுற்றி வந்து ஆடினார்கள். ஆட்டத்துக்கு மின்சாரம் தேவைப்படாதது ஒன்றுதான் குற்றாலிங்கத்துக்குக் குறை.

அவர் காவல்காரன் மாதிரி வீடுவீடாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில், பழக்கதோஷத்தில், யாரோ வெளியே வரும்போது விசிறியை நிறுத்திவிட்டார்கள். குற்றாலிங்கத்தின் குரல் உப்புவெளியின் அடுத்த கரை வரை கேட்டது.

"யாருவே வெசிறிய அணைச்சது? ரசத்துக்கு இன்னும் ரெண்டு சொம்பு கொறையுது! போடும்வே! எல்லா லைட்டையும் போடும்!"

வளையல் கையோடு உட்கார்ந்திருந்த உலகம்மை அதைக் கேட்டாள். பரீட்சைக்குப் படிக்கும்போது எட்டரை மணிக்கு விளக்கை அணைத்த அதே குரல். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த சந்தனக் கிண்ணம் கவிழ்ந்தது. வயிற்றுக்குள்ளிருந்ததும் ஒரு உதை விட்டது. "யம்மா, உள்ள இருந்து சுவிட்ச்சு போடுதும்மா" என்றாள்.

ஒன்றரை மணிக்கு அறுபது இலையும் விழுந்தன. ரசம் உட்பட. பந்தி முடிந்தும் யாருக்கும் கருவிகளை நிறுத்த மனமில்லை. மீதி ஒன்பது கட்டியும் எரிந்தன. அந்த நூற்றறுபது லிட்டரில் குடியிருப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாயங்காலம் தலைக்குக் குளித்தார்கள். குற்றாலிங்கம் நின்று பார்த்தார். முள் சுழியத்தைத் தொட்டபோது ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

நான்காம் நாள் தண்ணீர் வண்டி வந்தது. அன்றுதான் இவர்களும் கிளம்பினார்கள். கிளம்புகிற நேரம் வெயிலுகந்தாள் முன்னால் நிற்க, பின்னால் நாற்பது வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு நின்றார்கள்.

"குடுத்தனுப்புன பாத்திரத்த காலியாத் திருப்புறது எங்க வழக்கமில்ல சம்பந்தி" என்றாள் வெயிலுகந்தாள். "எங்க ஊர்ல இதவிட ஒசத்தியா ஒண்ணும் கிடையாது. மறுத்துராதீக."

வீட்டுக்கு நான்கு லிட்டர். அளந்து கிடைத்ததில் அளந்து கொடுத்தது. ஆவுடையப்பனின் காலிக் கேன் முதலில் நிரம்பியது. மேற்கொண்டு ஏழு கேன்களைப் பண்ணையிலேயே கொடுத்தார்கள். மொத்தம் எட்டு. அவர்கள் பார்க்கும்போது கீழே வைக்கவும் முடியாது, பார்க்காதபோது கொட்டவும் மனசு வராது. கேன்கள் கட்டிலுக்கடியிலும் கட்டிலின்மேலும் ஏறின. தம்பதிகள் ஐந்து நாளும் விடுதிகளில் தூங்கினார்கள். திரும்பும் வழியில் சாரதியின் குரல் திறந்தே இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அது "நூற்றறுபது கிலோ கூடுதல் ஐயா" என்று மரியாதையாக நினைவூட்டியது.

மதுரையில் மின்சாலை முடிந்தது. வேறு வழியில்லாமல் நான்கு கட்டி வாங்கிப் போட்டார்கள். சேர்குடத்தில் நான்கு குடம் சேர்ந்தது. அதைத் தொட ஆளில்லை.

ஆனி பிறந்துவிட்டது. கடையநல்லூர் தாண்டியதும் மலையில் மேகம் இறங்கியிருந்தது. இலஞ்சி விலக்கில் வண்டி திரும்பியபோது சாரல் பிடித்துவிட்டது. தெருவில் சாக்கடை நிரம்பி ஓடியது. அத்தனை வண்டிக் கூரைகளிலிருந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. தெரு மொத்தமும் குடையோடு காத்திருந்தது. ஏன் காத்திருந்தது என்றால், செண்பகவடிவு வழியெல்லாம் எல்லோரிடமும் திரையில் பேசிக்கொண்டுதான் வந்தாள்.

ஆவுடையப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒன்றுமே தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"வாரும்வே. விசேசம் நல்லா நடந்துச்சா? கட்டி எப்படி?"

குற்றாலிங்கம் பின்கதவைத் திறந்து, அந்த இருபது லிட்டர் கேனை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தார். மழை அதன் மூடியில் தட்டியது.

"இதுல என்னவே?"

"தண்ணி."

ஆவுடையப்பன் வானத்தைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார்.

"குடைய மடக்கி வச்சுட்டு ஒரு கை பிடிரும்வே" என்றார் குற்றாலிங்கம். "உள்ள இன்னும் ஏழு கெடக்கு."

ஆவுடையப்பன் குடையை மடக்கினார். உள்ளே ஏறப் போனவர், குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து அதை அணைக்கக் கை நீட்டினார்.

"அது ஓடட்டும்ண்ணே" என்றாள் செண்பகவடிவு, கம்பளிக்குள்ளிருந்து.